தலையிடிக்கு ஊசியா என்று பயப்படுபவர்களுக்கு



எங்கள் ஆசிரியர் அறையில் எந்தக் கைப்பையைத் திறந்தாலும் ஒரு பனடோல் காட் இருக்கும். மூன்றாம் பாடவேளை முடிய இரண்டு, வீட்டுக்குப் போய்ச் சோறாக்க முதல் இன்னும் இரண்டு. கேட்டால் "இது எனக்குப் பழகின தலையிடி" என்பார்கள். மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தலையிடி, அதுவும் மூன்று மாதத்துக்கு மேல் தொடர்கிறது என்றால் வைத்தியர்கள் அதை நாட்பட்ட தலையிடி என்கிறார்கள். பிரஷர், சீனி வருத்தம் போல கிளினிக் கொப்பி போட்டுப் பார்க்க வேண்டிய வருத்தம் அது.

எங்களோடு படிப்பிக்கும் ஒரு ராத்தாவுக்கு வைத்தியர் பிடரியில் ஊசி ஒன்று போட்டுப் பார்ப்போம் என்றிருக்கிறார். வீட்டார் விடவில்லை. "நரம்பில ஊசியா? வாய் கோணிப் போகும், கை கால் இழுத்துக்கொள்ளும்" என்று ஆளுக்கொரு கதை. அந்தக் கதைகளுக்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பதிவு.

அது மூளைக்குப் போடும் ஊசி அல்ல. கழுத்தின் மேல் எலும்புகளுக்கு இடையால் வெளிவந்து, பிடரியின் இரு பக்கமும் ஏறி, உச்சந்தலை வரை ஓடும் ஒரு நரம்பு இருக்கிறது. மண்டையோட்டுக்கு வெளியே, தோலுக்குக் கீழே, அந்த நரம்பைச் சுற்றித்தான் மருந்து போடுகிறார்கள். மருந்தும் புதினமானதல்ல. பல்லுப் பிடுங்க முதல் விறைக்கப் போடுகிறார்களே, லிக்னோகெயின், அந்த வகைதான். சில வேளை கொஞ்சம் ஸ்டீரொய்டும் சேர்ப்பார்கள். முடி மழிக்கத் தேவையில்லை. மயக்கத் தேவையில்லை. கதிரையில் இருந்தபடி சில நிமிடத்தில் முடிந்துவிடும். கொஞ்ச நேரம் வைத்திருந்து பார்த்துவிட்டு அன்றே வீட்டுக்கு அனுப்புவார்கள்.

கண்ணுக்குப் பின்னால் குத்துகிற வலிக்குப் பிடரியில் ஏன் ஊசி? நியாயமான கேள்வி. நெற்றி, கண், கன்னம் ஆகியவற்றின் செய்தியைக் கொண்டுபோகும் நரம்பும், பிடரியின் செய்தியைக் கொண்டுபோகும் நரம்பும் கழுத்தின் மேல்பகுதியில், மூளைத்தண்டோடு ஒட்டிய இடத்தில், ஒரே சந்தியில் வந்து சேருகின்றன. கல்முனை பஸ்ஸும் அக்கரைப்பற்று பஸ்ஸும் ஒரே ஸ்டாண்டில் வந்து நிற்பது மாதிரி. ஒரு பாதையில் சத்தம் குறைந்தால் சந்தியே அமைதியாகிறது. அதனால்தான் விறைப்பு சில மணித்தியாலத்தில் போன பிறகும் சிலருக்கு வலி வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் குறைந்திருக்கிறது. சிலருக்கு ஒரு மாற்றமும் வராது. அதையும் முன்கூட்டியே தெரிந்துகொண்டு போக வேண்டும்.

பக்கவிளைவு இல்லையா? இருக்கிறது. போட்ட இடம் நோகும், கொஞ்சம் தலை சுற்றலாம். ஸ்டீரொய்ட் சேர்த்தால் சீனி சில நாளைக்கு ஏறலாம், அந்த இடத்தில் முடி கொஞ்சம் கொட்டலாம். இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை போடுபவர்கள், விறைப்பு மருந்துக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் முதலே சொல்லிவிட வேண்டும். கர்ப்பிணித் தாய்மாருக்குப் பல தலையிடிக் குளிசைகள் கூடாது. அவர்களுக்கு விறைப்பு மருந்து மட்டும் உள்ள இந்த ஊசியை வைத்தியர்கள் யோசிப்பதுண்டு.

இதற்கு அடுத்த படிகளும் இருக்கின்றன. ரேடியோ அலையால் நரம்பை அமர்த்துவது ஒன்று. இன்னொன்று பொடொக்ஸ். "அது முகச்சுருக்கத்துக்குப் போடுறதல்லவா" என்று சிரிக்க வேண்டாம். அமெரிக்காவில் 2010இல் நாட்பட்ட மைகிரேனுக்கு அனுமதித்த மருந்து அது. நெற்றி, பக்கத்தலை, பிடரி, கழுத்து, தோள் என்று 31 இடத்தில், மொத்தம் 155 அலகு, 12 வாரத்துக்கு ஒரு தடவை. விலை கூடியது, எங்கள் சம்பளத்துக்கு லேசில் எட்டாது.

பயப்படுத்துகிறவர்கள் ஒரு பக்கம் என்றால், விற்கிறவர்கள் மறு பக்கம். "ஒரே ஊசியில் நிரந்தரத் தீர்வு" என்று விளம்பரம் வந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். நரம்பு ஊசி தலையிடியை வேரோடு பிடுங்காது, மூச்சு விட இடம் தரும், அவ்வளவுதான். அந்த இடைவெளியில் செய்ய வேண்டிய முக்கியமான வேலை குளிசையைக் குறைப்பது. பனடோல் மாதத்தில் 15 நாளுக்கு மேல், கொடீன் கலந்த குளிசைகள் 10 நாளுக்கு மேல் என்று மூன்று மாதத்துக்கு அதிகமாகப் போனால் அந்தக் குளிசையே தலையிடியைக் கொண்டுவரும். வலி வருவதால் குளிசை, குளிசையால் வலி. நிறுத்தினால் முதலில் இன்னும் கூடும், அதனால் வைத்தியரிடம் கேட்டுத்தான் நிறுத்த வேண்டும். தலையிடி வராமல் தடுக்க தினமும் போடும் ப்ரொப்ரனொலோல், அமிட்ரிப்டிலின் போன்றவை பழைய மருந்துகள், விலையும் குறைவு. பலன் தெரிய சில வாரம் எடுக்கும். எங்கள் ஆட்கள் மூன்றாம் நாளே "சரிவரல்ல" என்று விட்டுவிடுகிறார்கள். (ஆஸ்துமா உள்ளவர்கள் ப்ரொப்ரனொலோல் பக்கம் போகக்கூடாது. மற்றவரின் குளிசையை வாங்கிப் போடும் பழக்கம் இதற்காகவே ஆபத்து.)

மைகிரேன் ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆனால் எங்கள் வீடுகளில் பெண்ணின் தலையிடிக்கு என்ன பெயர்? வேலைக்குச் சாட்டு. இல்லாவிட்டால் கண்ணூறு. ஓதிப் பாருங்கள், துஆ செய்யுங்கள், அதில் எங்களுக்கும் நம்பிக்கை இருக்கிறது. ஆனால் மருந்து தேடச் சொன்னதும் அதே மார்க்கம்தானே. இன்னும் சிலர் ஹிஜாபின் மேல் பழி போடுகிறார்கள். இறுக்கிக் கட்டினால் நோவது உண்மை. கழற்றி ஒரு மணித்தியாலத்துக்குள் போய்விட்டால் அதுதான் காரணம். லீவு நாளில் வீட்டுக்குள் இருக்கும்போதும் இடித்தால் துணியில் குற்றமில்லை.

ஆண் வைத்தியர் முன் தலையைத் திறப்பதா என்று தயங்குபவர்களுக்கு: பிடரிப் பகுதியை மட்டும் ஒதுக்கிக் காட்டினால் போதும். பெண் தாதி பக்கத்தில் இருக்கக் கேளுங்கள், கேட்பதில் வெட்கமில்லை. நோன்பு காலத்தில், ஊட்டமில்லாத ஊசியால் நோன்பு முறியாது என்பதே இக்காலப் பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. மனம் சமாதானப்படாவிட்டால் இரவில் போடலாம், அல்லது உங்கள் ஊர் மௌலவியிடம் கேளுங்கள்.

திடீரென்று இடி விழுந்த மாதிரி வரும் தலையிடி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, பேச்சுக் குழறல், கை கால் சோர்வு, 50 வயதுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கும் தலையிடி, இவை ஒன்றுக்கும் இந்தப் பதிவு பொருந்தாது. அவற்றுக்கு உடனே ஆஸ்பத்திரி.

மற்றவர்கள் ஒரு சீ.ஆர். கொப்பி எடுங்கள். எந்த நாள் இடித்தது, எத்தனை குளிசை போட்டது, அன்று மாதவிடாயா, நித்திரை எப்படி என்று ஒரு மாதம் எழுதுங்கள். அதைக் கொண்டு முதலில் பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரி ஓ.பீ.டீ.க்குப் போய், நரம்பியல் கிளினிக்குக்குக் கடிதம் கேளுங்கள். கொழும்பு, கண்டி தேசிய வைத்தியசாலைகளில் நரம்பியல் பிரிவுகள் இருக்கின்றன, காசு இல்லை. தூரம்தான், வரிசைதான். கிளினிக் நாளில் அந்தப் பாடவேளைகளை எடுக்க நாங்கள் இருக்கிறோம், அதிபர்மார் லீவை மட்டும் முகம் சுளிக்காமல் தந்தால் போதும். கணவன்மாரே, அன்றைக்குப் பிள்ளைகளையும் பகல் சோற்றையும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.