கச்சான் எழும்பும் முன்



கடற்கரை ஊரிலே பிறந்து வளர்ந்த நமக்குக் கடலைப் பற்றி எவரும் சொல்லித் தரத் தேவையில்லை என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். சென்ற ஜூன் மாதத்தில் ஒரு நாள் அந்த எண்ணத்தைத் திருத்திவிட்டது. நடந்ததை உங்களிடம் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

என் தம்பி பாடசாலை ஆசிரியர். அறுகம்பே பக்கம் உல்லாசப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்ட பழைய கயாக் ஒன்றை விலைக்கு வாங்கி வந்திருந்தான். கயாக் என்பது பெரும்பாலும் ஒருவர் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் அலகுள்ள துடுப்பால் வலித்துச் செல்லும் ஒடுங்கிய சிறு படகு. இவனுடையது பிளாஸ்டிக்கில் செய்தது. உள்ளே காற்றடைத்த வெற்றிடம். மேலே ஏறி உட்காரவேண்டியதுதான். மேலே விழும் தண்ணீர் அடித்துளைகளால் வடிந்துவிடும். உடையாதவரை தாழாது. எஞ்சினும் இல்லை, எண்ணெய்ச் செலவும் இல்லை. விடுமுறை நாளில் மீன் பிடிக்க இதைவிட வேறென்ன வேண்டும் என்று அவனுக்கு ஒரே சந்தோசம்.

ஸுபஹ் தொழுத கையோடு பட்டா லொறியில் கயாக்கை ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். தம்பி, அவன் மனைவி, இரண்டு பிள்ளைகள், நான். பொத்துவிலைத் தாண்டி, பாணமையும் கழிந்து, ஆள் நடமாட்டமில்லாத ஒரு கரை. தெற்கே கடலுக்குள் நீண்டு நிற்கும் பாறை. அதன் மறைவில் அலை அடங்கிய ஒரு வளைவு. வடக்கு முனையில் மீனவர்கள் போட்டிருந்த வாடி ஒன்று. கைத்தொலைபேசி அங்கே வேலை செய்யவில்லை.

வாடியில் இருந்த வயதான காக்கா கயாக்கைத் தட்டிப் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார்.

"தம்பி, இது கச்சான் காலம். இப்ப கடல் தூங்குது. பத்து மணிக்கு மேல காத்து எழும்பும். அதுக்கு முதல் கரைக்கு வந்திடணும். பாறைக்கு வெளியில போகவே வேணாம்."

தம்பி தலையாட்டினான். உயிர்காப்பு அங்கியைக் கட்டிக்கொண்டு, கைத்தூண்டிலும் கணவாய் இரையும் ஒரு போத்தல் தண்ணீரும் எடுத்துக்கொண்டு வலித்துப் போனான்.

காக்கா என் மச்சியைக் கூப்பிட்டு வாடித் தூணுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். "மகள், இந்தத் தூணையும் அந்தப் பாறை முனையையும் நேராப் பிடிச்சுப் பாருங்க. அந்தக் கோட்டுக்குக் கரைப்பக்கம் அவர் இருக்கிற வரைக்கும் பயமில்ல. வெளிப்பக்கம் போனாச் சொல்லுங்க." அவ்வளவுதான் சொன்னார். வலை பின்னப் போய்விட்டார்.

நாங்கள் அடுப்பு மூட்டினோம். பிள்ளைகள் மணலில் விளையாடினார்கள். தூரத்தில் தம்பி இரண்டு தடவை மீனைத் தூக்கிக் காட்டினான். கொறுக்காய் போட்டு ஆணம் காய்ச்சலாமா, பொரிக்கலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

பத்தரை மணியிருக்கும். முதுகுப் பக்கமாகச் சூடான காற்று வந்தது. கடலைப் பார்த்தேன். கண்ணாடி போலக் கிடந்தது. ஆனால் மச்சி தூணைவிட்டு அசையவில்லை.

"மதினி, அவர் கோட்டைத் தாண்டிட்டார்."

நான் பார்த்தேன். கயாக்கின் முகம் கரையை நோக்கித்தான் இருந்தது. துடுப்பும் ஏறி இறங்கியது. "வந்துகொண்டுதானே இருக்கிறான்? கொஞ்சம் பொறு. எல்லாரையும் கூப்பிட்டால் அவனுக்கு வெட்கமாக இருக்கும்" என்றேன்.

சகோதரிகளே, நான் சொன்ன அந்தச் சொல்லை இன்றைக்கும் நினைத்து வருந்துகிறேன். மச்சி என் பேச்சைக் கேட்கவில்லை. மணலில் ஓடிப்போய்க் காக்காவிடம் சொன்னாள். அவர் எழுந்து ஒரு பார்வைதான் பார்த்தார். வலையை அப்படியே போட்டுவிட்டு, இரண்டு பொடியன்களோடு எஞ்சின் போட்டைத் தண்ணீரில் தள்ளினார்.

அதன் பிறகு நாற்பது நிமிடம். 2004 டிசம்பர் 26ஐக் கண்ட கரை அது. அந்த நாற்பது நிமிடத்தில் எங்கள் மனம் எங்கெங்கே போய் வந்தது என்று எழுத வேண்டியதில்லை.

கயாக்கைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு போட் வந்து சேர்ந்தது. தம்பியின் உள்ளங்கைகள் இரண்டும் உரிந்திருந்தன. "விசிலை எத்தனை தடவை ஊதினேன், கேட்கவில்லையா?" என்று கேட்டான். எங்களுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசும்போது கடலில் எழுப்பும் சத்தம் கரைக்கு வந்து சேராது.

பிறகு காக்கா விளக்கமாகச் சொன்னார். நமது கிழக்குக் கரைக்குக் கச்சான், மேற்கே தரையிலிருந்து வரும் காற்று. கரையோரத்தில் மரமும் மணல்மேடும் அதை மறைப்பதால் அங்கே தண்ணீர் அசையாமல் கிடக்கும். வெளியே போகப் போகக் காற்று தண்ணீரில் இறங்கி அலையைக் கிளப்பும். அந்த அலையும் நம்மைவிட்டு அப்பால் ஓடுவதால், கரையில் நிற்பவர் அதன் முதுகை மட்டுமே காண்பார். அதனால்தான் ஆபத்தான நேரத்தில் கடல் அழகாகத் தெரிகிறது. கயாக்கோ பாரமில்லாத பொருள். நல்ல நேரத்தில் சாதாரண ஆள் ஒருவர் மணிக்கு நான்கைந்து கிலோமீற்றர் வலிப்பார். எதிர்காற்றில் அந்தப் பலமெல்லாம் இருந்த இடத்தில் நிற்கவே போதாது. கை ஓய்ந்தால் பின்னோக்கித்தான் போகும்.

"கயாக்கை விட்டிட்டு நீந்தி வரலாமா என்று ஒருக்கா நினைச்சேன்" என்றான் தம்பி. "நீந்தியிருந்தா நான் உங்களைத் தேடிக் கண்டுபிடிச்சிருக்க மாட்டேன். தலை தெரியாது தம்பி, மஞ்சள் தோணிதான் தெரியும்" என்றார் காக்கா.

வீட்டுக்கு வந்தபின் கயாக்கைப் பற்றித் தேடிப் படித்தேன். அது வட துருவப் பக்கத்தில், கிறீன்லாந்து, கனடா, அலாஸ்கா கரைகளில் வாழும் இனுயிட் மக்களும் அவர்களைச் சார்ந்தோரும் கண்ட படகாம். கடல் ஒதுக்கிய மரத்தாலோ திமிங்கில எலும்பாலோ சட்டம் கட்டி, மேலே கடல்நாய்த் தோல் போர்த்துவார்கள். சட்டம் கட்டுவது ஆண்கள். தோலைத் தைப்பது பெண்கள். ஊசி தோலை முழுதாகத் துளைக்காதபடி தைப்பார்களாம். நூலும் மிருகத்தின் தசைநாரால் ஆனது. நனைந்தால் ஊதித் துளையை அடைத்துக்கொள்ளும். உறைபனிக் கடலில் ஒரு தையல் விட்டாலும் உள்ளே இருப்பவருக்கு முடிவுதான். கடலுக்குப் போனவர் கணவர் என்றாலும், அவர் உயிரோடு திரும்புவதில் பாதி, வீட்டில் இருந்தவளின் கையில் இருந்தது.

பிளாஸ்டிக் கயாக்குக்குத் தையல் தேவையில்லை. ஆனால் வீட்டில் இருப்பவளின் பங்கு இல்லாமல் போய்விடவில்லை. உங்கள் கணவரோ மகனோ தம்பியோ சிறு படகில் கடலுக்கோ களப்புக்கோ புறப்பட்டால், வெட்கப்படாமல் இவற்றைக் கேளுங்கள்.

எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள்? அந்த நேரம் தாண்டினால் நான் யாரிடம் சொல்வது? இன்றைக்குக் காற்று எந்தப் பக்கம், எப்போது எழும்பும் என்று அந்தக் கரை மீனவரிடம் கேட்டீர்களா? உயிர்காப்பு அங்கி உடம்பில் கட்டியிருக்கிறதா, படகில் சும்மா கிடக்கிறதா? துடுப்பு கைதவறாமல் கயிற்றில் கட்டியிருக்கிறதா? தூரத்தில் தெரியும் நிறத்தில் உடுப்பு இருக்கிறதா?

கரையில் நிற்பவர் நீங்கள் என்றால், அசையாத இரண்டு அடையாளங்களை நேராகப் பிடித்து வையுங்கள். படகு கோட்டைத் தாண்டினால் உடனே சொல்லுங்கள். அவர் வெட்கப்படுவாரே என்று பார்க்காதீர்கள். வெட்கம் அன்று மாலையே தீர்ந்துவிடும்.

அன்று தம்பி பிடித்தது மூன்று விளைமீனும் ஒரு பாரையும். பாரையைக் காக்காவிடம் நீட்டினோம். அவர் வாங்கவில்லை. "பிள்ளைகளுக்கு ஆக்கிக் கொடுங்க. அந்த மகளுக்குத் தலைத்துண்டைக் கொடுங்க" என்று சிரித்தார்.

தம்பி இன்றும் கயாக்கில் போகிறான். ஆனால் புறப்படுமுன் வாசலில் நின்று மனைவியிடம் கேட்கிறான்: "எத்தனை மணிக்குள்ள வரணும்?" அவள் சொல்லும் மணிக்கு முன்பே வந்தும் விடுகிறான்.