பாராளுமன்றம் ஏறாத வரி!

அரசாங்கத்தின் பட்ஜெட்டில் துண்டு விழுந்தால் அது நிதியமைச்சரின் கவலை, நமக்கென்ன என்று நம்மில் பலர் நினைக்கின்றனர். அந்தக் கவலை கடைசியில் உங்கள் அரிசிப் பானைக்குத்தான் வந்து சேர்கிறது. எப்படி என்கிறீர்களா? அண்டை நாடான இலங்கையைப் பாருங்கள்.

அங்கே 2019 டிசம்பரில் புதிய அரசு மதிப்புக் கூட்டு வரியை 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைத்தது. ஆண்டுக்கு 1.2 கோடி ரூபாய் விற்பனை இருந்தாலே பதிய வேண்டிய வரியை, 30 கோடி வரை பதியத் தேவையில்லை என்றது. மறு ஆண்டே கொரோனாவும் வந்தது. வரி வருமானம் சரிந்தது. 2020, 2021 இரு ஆண்டுகளிலும் பற்றாக்குறை நாட்டின் மொத்த உற்பத்தியில் 10 சதவீதத்தைத் தாண்டியது.

ஓட்டையை எதைக் கொண்டு அடைத்தார்கள்? மத்திய வங்கி புதுப் பணத்தை உருவாக்கி அரசின் கடன் பத்திரங்களை வாங்கிக் குவித்தது. 2019 இறுதியில் அதன் கையிலிருந்த பத்திரங்கள் 10,000 கோடி ரூபாய்க்கும் குறைவு. 2021 இறுதியில் சுமார் 1,40,000 கோடி!

பணம் பெருகியது, பொருள் பெருகவில்லை. அந்தப் பணம் இறக்குமதியைத் தேடி ஓடியது, டாலர் வற்றியது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று கையை விரித்தனர். 200 ரூபாயாக இருந்த டாலர் 360 ரூபாயானது. செப்டம்பரில் கொழும்பில் விலைவாசி ஓராண்டுக்கு முன்பிருந்ததை விட ஏறத்தாழ 70 சதவீதம் உயர்ந்திருந்தது. உணவுப் பொருள் மட்டும் 95 சதவீதம்!

"கொரோனாவும் உக்ரைன் போரும்தான் காரணம்" என்பது ஆட்சியாளர்களின் வாதம். அவையும் காரணம்தான். ஆனால் அவை எல்லா நாடுகளையும் தாக்கினவே! எல்லா நாடுகளிலும் 70 சதவீதமா உயர்ந்தது?

"அப்படியானால் ஏழையின் மானியத்தை வெட்டச் சொல்கிறீர்களா?" என்று சிலர் கேட்கலாம். இல்லை. இருப்பவனிடம் வாங்க வேண்டிய வரியை வாங்குங்கள் என்கிறோம். அவனிடம் வாங்காத வரியை விலைவாசி என்ற பெயரில் கூலித் தொழிலாளியிடம் வாங்காதீர்கள் என்கிறோம். நிலமும் டாலரும் வைத்திருப்பவனின் சொத்து விலையோடு சேர்ந்து ஏறும். அன்றாடக் கூலி ஏறுமா?

மத்திய வங்கி அரசுக்கு நேரடியாகக் கடன் கொடுப்பதை 2023ல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். வெள்ளம் வடிந்த பின் போட்ட அணை! 2024 ஜனவரியில் அதே வரி 18 சதவீதமானது. சலுகை பெற்றவர் யார்? இரண்டு முறை கட்டியவர் யார்?

நாளை எந்தத் தலைவராவது வரியைக் குறைக்கிறேன் என்று மேடையில் முழங்கினால், அந்தத் துண்டை எதைக் கொண்டு அடைப்பீர்கள் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால், அடைக்கப் போவது நீங்கள்தான்!