‘சைவம் மட்டும்’: வாடகை வீட்டில் தொடரும் தீண்டாமை

மயிலாப்பூர் மாடவீதிகளைச் சுற்றியும் தியாகராய நகரிலும் வாடகைக்கு வீடு தேடிய தலித் மாணவர்கள் நம்மிடம் திரும்பத் திரும்பச் சொல்வது இரண்டு கேள்விகளைத்தான். “நீங்க வெஜிடேரியனா?” என்பது முதலாவது. “சொந்த ஊர்ல எந்தத் தெரு?” என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கு ‘ஆம்’ என்றவர்களும் இரண்டாவதில் திருப்பி அனுப்பப்படுகிறார்கள். அப்படியானால் சிக்கல் உணவில் இல்லை.

“ஒரு சமூகம் தன் ஆச்சாரத்தைக் காத்துக்கொள்ளக் கூடாதா?” என்பது வீட்டுக்காரர்கள் தரப்பின் வாதம். இதைப் பார்சிகளோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். 2011 கணக்கெடுப்பின்படி அவர்கள் 57,264 பேர். தங்கள் அக்னிக் கோயில்களில் பிறரை அவர்கள் அனுமதிப்பதில்லை. அகமதாபாத்தில் ஒரு பார்சி கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் பார்சிகளை மட்டுமே உறுப்பினராக்கும் விதியை வைத்திருந்தது. சங்கம் அமைக்கும் உரிமையைக் காரணம் காட்டி 2005இல் உச்ச நீதிமன்றம் அவ்விதி செல்லும் என்றது.

அத்தீர்ப்பில் நமக்கு உடன்பாடில்லை. சிறுபான்மையினரின் தற்காப்பும்கூடத் தீட்டின் மொழியைக் கற்றுக்கொள்ளும் என்பதற்கு அண்ணலின் வாழ்க்கையே சாட்சி. 1917இல் பரோடா அரசுப் பணிக்குச் சென்ற அம்பேத்கர், வேறு இடம் கிடைக்காமல் பார்சிப் பெயரில் ஒரு பார்சி விடுதியில் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு வந்தவர்கள், விடுதியைத் தீட்டாக்கிவிட்டதாகக் கூறி அவரை வெளியேற்றினார்கள். உதவி கேட்டபோது இந்து நண்பரும் கிறித்தவ நண்பரும் கைவிரித்தனர். மூன்று மதங்களின் கதவுகள் ஒரே நாளில் மூடப்பட்டன.

வழிபாட்டுத் தலத்துக்குள் யார் வரலாம் என்பது ஒரு கேள்வி. நகரத்தில் யார் குடியிருக்கலாம் என்பது வேறு கேள்வி. ‘சைவம்’ என்ற சொல் இரண்டையும் குழப்பவே பயன்படுகிறது. 2018 டிசம்பரில் சென்னை ஐஐடியின் உணவுக்கூடம் ஒன்றில் சைவருக்கும் அசைவருக்கும் தனித்தனி வாசல், தனித்தனிக் கைகழுவுமிடம் என்று சுவரொட்டிகள் ஒட்டப்பட்டன. எதிர்ப்பு எழுந்த பின்பே அவை அகற்றப்பட்டன. தட்டைப் பிரிப்பது உணவு விருப்பமாக இருக்கலாம். வாசலைப் பிரிப்பது மனிதரைப் பிரிப்பது.

2005 தீர்ப்பு ஒரு சங்கத்தின் உறுப்பினர் விதியைப் பற்றியது. தீண்டாமையைப் பற்றியது அல்ல. அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தனிமனிதரையும் கட்டுப்படுத்தும். எந்தப் பகுதியிலும் குடியிருக்க விடாமல் தீண்டாமையின் பேரால் தடுப்பது, 1955ஆம் ஆண்டு குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவின்படி குற்றம். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால், செயலுக்குக் காரணம் தீண்டாமையே என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்கிறது 12ஆம் பிரிவு. அல்லவென்று மெய்ப்பிக்கும் பொறுப்பு மறுத்தவருடையது.

ஆயினும் மறுப்பு நடந்தது என்பதை நாம்தான் காட்ட வேண்டும். தரகரின் குறுஞ்செய்திகளை அழிக்காதீர்கள். தேதியையும் சொன்ன சொற்களையும் அன்றே எழுதி வையுங்கள். அதே வீட்டுக்கு, அசைவம் உண்ணும் தலித் அல்லாத நண்பரை விசாரிக்கச் சொல்லுங்கள். அவருக்குக் கதவு திறந்தால், அதுவே நம் வழக்கின் முதல் ஆவணம்.