பட்டணவாசலில் நிற்கிறவன்



ஆராதனை முடிந்தபின் ஒரு சகோதரர் என்னிடம் கேட்டார்: "ஐயா, அகதியே ஆனாலும் அனுமதியின்றி எல்லை கடந்தவன் சட்டத்தை மீறியவன்தானே? ரோமர் 13-ஆம் அதிகாரம் அதிகாரங்களுக்குக் கீழ்ப்படியச் சொல்லுகிறதே?" நேர்மையான கேள்வி அது.

யோசுவா 20-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். கைப்பிசகாய்க் கொலைசெய்தவன் ஓடிவர ஆறு அடைக்கலப்பட்டணங்களைக் கர்த்தர் ஏற்படுத்தினார். வருகிறவன் ஒளிந்துகொள்ளாமல், பட்டணவாசலில் நின்று மூப்பரிடம் தன் காரியத்தைச் சொல்லவேண்டும். மூப்பரோ அவனுக்குச் செவிகொடுத்து இடங்கொடுக்கவேண்டும். விசாரணை பின்னரே நடக்கும்.

1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையும் ஏறக்குறைய இதே ஒழுங்கைப் பின்பற்றுகிறது. அதன் 31-ஆவது பிரிவின்படி, உயிருக்கோ சுதந்தரத்திற்கோ ஆபத்துள்ள இடத்திலிருந்து நேராக வந்து, தாமதமின்றி அதிகாரிகள்முன் நின்று, தக்க காரணம் காட்டும் அகதியை, சட்டவிரோதமாக நுழைந்ததற்காகத் தண்டிக்கலாகாது. துரத்தப்படுகிறவன் கடவுச்சீட்டுக்கும் விசாவுக்கும் காத்திருக்க முடியாது என்பதை உலகப்போரின் அழிவைக் கண்ட தலைமுறை அறிந்திருந்தது.

பிரிட்டனில், போலி ஆவணத்துடன் பிடிபட்ட அகதிகளின் வழக்கில் 1999-இல் நீதிமன்றம் இப்பாதுகாப்பை உறுதிசெய்தது. வழியில் வேறொரு நாட்டில் சற்றே தங்கியதால் மட்டும் அது அற்றுப்போகாது என்றும் கூறியது. அதே ஆண்டின் குடிவரவுச் சட்டம் தன் 31-ஆவது பிரிவில், சில நிபந்தனைகளுடன், இதை எதிர்வாதமாக ஏற்றது. ஆயினும் வழக்கறிஞர்கள் சொல்லாததால் பலர் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார்கள். அப்படிப்பட்ட சிலரின் தண்டனைத் தீர்ப்புகளை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013-இல் ரத்துசெய்தது.

2022-ஆம் ஆண்டுச் சட்டமோ, அனுமதியின்றி வந்துசேர்வதையே நான்கு ஆண்டுவரை சிறைக்குரிய குற்றமாக்கியது. அந்த 31-ஆவது பிரிவின் எதிர்வாதம் இக்குற்றத்திற்குப் பொருந்தாது. ஆகவே, போலிக் கடவுச்சீட்டுடன் விமானத்தில் வந்தவர் சொல்லக்கூடிய நியாயத்தை, சிறு படகில் கால்வாயைக் கடந்தவர் சொல்ல வழியில்லை. இது திருத்தப்படவேண்டும் என்பதே என் கருத்து. எதிர்வாதம் என்பது தானாகக் கிடைக்கும் விடுதலையன்று. பொய்யுரைப்பவர் விசாரணையில் வெளிப்படுவார். ஆனால் மெய்யுரைப்பவருக்குப் பேச இடம் வேண்டாமா?

சகோதரரின் கேள்விக்கு வருகிறேன். ரோமர் 13-ஐ எழுதிய பவுலையே பாருங்கள். வாரினால் கட்டப்பட்டபோது தன் ரோமக் குடியுரிமையை எடுத்துச் சொன்னார். பின்னர் இராயனுக்கு அபயமிட்டார். சட்டம் தரும் பாதுகாப்பைக் கேட்பது சட்டத்தை அவமதிப்பதல்ல என்பதற்கு அவரே சாட்சி.

அன்பானவர்களே, இத்தகைய ஒருவரை நீங்கள் சந்தித்தால், தீர்ப்புச் சொல்லாதிருங்கள். குற்றத்தை ஒப்புக்கொள்ளுமுன் தகுதியான வழக்கறிஞரைக் காணும்படி சொல்லுங்கள். கூடுமானால் உடன் செல்லுங்கள். அவர் பட்டணவாசலில் நிற்கிறார். மூப்பருக்குரிய செவி நம்மிடத்தில் இருக்கிறதா?

அடைக்கலமான கர்த்தர் நமக்கு அந்தச் செவியைத் தருவாராக. ஆமென்.