முதுமரங்களை ஆராயாமல் அகற்ற வேண்டாம்: கோரிக்கை மனு

பெறுநர்: மாவட்டச் செயலாளர், நுவரெலியா
பிரதிகள்: வீதி அபிவிருத்தி அதிகார சபை, ஹட்டன்–டிக்கோயா நகர சபை, நுவரெலியா மாநகர சபை, மாவட்டத்தின் பிரதேச சபைகள்

பொருள்: நகர வீதியோரங்களிலும் தோட்டங்களிலும் நிற்கும் முதுமரங்களை, நேரில் பரிசோதித்து எழுத்தில் காரணம் காட்டிய பின்னரே அகற்ற வேண்டும் எனக் கோருதல்.

மதிப்புக்குரிய ஐயா / அம்மணி,

2025 நவம்பரில் டித்வா புயல் கொண்டுவந்த மண்சரிவுகளுக்குப் பிறகு மலையகத்தில் மழை இருட்டினாலே மக்கள் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. கொழுந்து பறிக்கப் போகும் பெண்ணின் மீதோ லயத்துக் கூரையின் மீதோ விழக்கூடிய மரத்துக்காக எமது சங்கம் ஒருபோதும் வாதாடாது. ஆயினும், வயதான மரம் என்ற ஒரே காரணத்தால் அதை ஆபத்தான மரம் என்று முடிவுகட்டுவது தவறு. உறுதியான மரத்தை வெட்டிவிட்டு, வேர் அழுகிய மரத்தை அதன் பக்கத்திலேயே நிற்க விட்டால் யாருக்குப் பாதுகாப்பு? எந்த மரம் ஆபத்தானது என்பதைப் பார்த்தறிந்தே தீர்மானிக்க வேண்டும் என்பதுதான் இம்மனுவின் சாரம்.

பார்த்தறிவது கடினமான வேலையல்ல. அடிமரத்தைச் சுத்தியலால் தட்டினால் உள்ளே பொந்து விழுந்திருப்பது ஓசையிலேயே தெரியும். தூரில் தட்டுத் தட்டாகக் காளான் முளைத்திருந்தால் வேர் அழுகத் தொடங்கிவிட்டது என்று பொருள். காற்று வீசும் பக்கத்தில் மண் பிளந்து எழும்பியிருந்தால் மரம் சாயத் தயாராகிறது. இவ்வடையாளங்கள் உள்ள மரத்தைத் தாமதிக்காமல் அகற்றுங்கள். நாமும் துணை நிற்போம். இவை இல்லாத மரத்தில் காய்ந்த கிளைகளைக் கழித்துப் பாரத்தைக் குறைத்தாலே பெரும்பாலும் போதும். செங்குத்தான சரிவில் பெரிய மரத்தின் பாரமே மண்ணை இழுக்கும் என்று சொல்லப்படுவதுண்டு. சில இடங்களில் அது உண்மை. ஆனால் மண்ணைப் பிடித்திருப்பதும் அதே மரத்தின் வேர்தான். மரத்தை வெட்டிய சில ஆண்டுகளில் வேர் உக்கிப் பிடிமானம் போய்விடும். ஆபத்து பிந்தி வரும். ஆகவே ஒவ்வொரு சரிவையும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அதிகாரிகள் பார்த்துச் சொல்ல வேண்டும். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவில் லயங்கள் புதையுண்டன. அந்நிறுவனம் அங்கே முன்கூட்டியே எச்சரித்திருந்தது. அறிக்கை அலுவலகத்தில் கிடந்தால் பயனில்லை, அது மக்கள் கைக்கு வர வேண்டும் என்பதை அந்த இழப்பு எமக்கு உணர்த்தியது.

ஆராயாமல் வெட்டியிருந்தால் என்ன இழந்திருப்போம் என்பதற்குக் கம்பஹா மாவட்டத்தின் தரலுவை சான்று. 2012ஆம் ஆண்டுச் செம்பட்டியலில் அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட குருடியா சைலானிக்கா என்ற மரம் 2019இல் அங்கே அடையாளம் காணப்பட்டது. 2021இல் மத்திய அதிவேக வீதிக்காக அதை வெட்ட ஏற்பாடானபோது பிக்குமாரும் சுற்றாடல் ஆர்வலர்களும் ஊராரும் எதிர்த்தனர், வெட்டுவது நிறுத்தப்பட்டது. தாவரம் அறிந்த ஒருவர் நின்று பார்த்ததால்தான் அது இன்ன மரம் என்று நாட்டுக்கே தெரியவந்தது. வீதிக்காக மரம் போகத்தான் வேண்டும் என்ற வாதத்துக்கும் இங்கேயே பதில் இருக்கிறது.

ஒன்றை வெட்டினால் பத்தை நடுகிறோம் என்பார்கள். நடுவதை வரவேற்கிறோம். ஆனால் இன்று நடும் கன்று ஒரு முதுமரத்தின் நிழலையும் வேர்ப்பிடிப்பையும் தரப் பல பத்தாண்டுகள் செல்லும். அதுவரை வரும் மழைக்காலங்களுக்கு யார் பொறுப்பு? இவை வெள்ளைக்காரர் கொண்டுவந்த மரங்கள்தானே என்பது இன்னொரு வாதம். தேயிலையும் வெளியிலிருந்து வந்ததுதான். விறகுக்கும் பலகைக்குமென நட்ட டர்பன்டைன், சவுக்கு மரங்களை முறைப்படி வெட்டுவதை நாம் தடுக்கவில்லை. வேரடியில் சூலமும் செம்பட்டும் சார்த்தி முனியாண்டியை வணங்கும் ஆலையும் அரசையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்கிறோம்.

1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் பலா, ஈரப்பலா, பெண்பனை முதலிய குறித்துரைக்கப்பட்ட மரங்களையே காக்கிறது. வயது அதில் அளவுகோல் அல்ல. 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பெனிகளிடம் சென்றபின், தலைமுறைகளாகத் தோட்டத்து மரங்களின் நிழலில் வாழும் தொழிலாளிக்கு லயத்து வாசல் மரத்தைப் பற்றியும் சொல்லுரிமை இல்லை. 2018இல் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு திருத்தப்பட்டு, தோட்டங்களுக்குள் சபைகள் பணிசெய்ய வழி பிறந்தது. அந்த வழியை மரங்களுக்கும் பயன்படுத்தலாம்.

எனவே பின்வருமாறு கோருகிறோம்:

1. வனப் பாதுகாப்புத் திணைக்களம், கட்டட ஆராய்ச்சி நிறுவனம், உள்ளூராட்சி சபை ஆகியவற்றின் கூட்டுப் பரிசோதனையின்றி எந்த முதுமரமும் அகற்றப்படக் கூடாது.
2. பரிசோதனை முடிவைத் தமிழிலும் சிங்களத்திலும் மரத்தடியிலும் பெரட்டுக்களத்திலும் ஒட்டி, மக்கள் ஆட்சேபிக்க அவகாசம் தர வேண்டும்.
3. உயிராபத்து உடனடியாக உள்ள இடத்தில் மட்டும் அவகாசமின்றி அகற்றலாம்; காரணத்தைப் பின்னர் எழுத்தில் வெளியிட வேண்டும்.
4. மாவட்டத்தின் முதுமரங்களுக்கு ஒரு பதிவேடு தொடங்கி, மழைக்காலத்துக்கு முன் ஆண்டுதோறும் கிளை கழிக்க நிதி ஒதுக்க வேண்டும்.

பதிவேட்டுக்கான விபரங்களைத் தோட்டம் தோட்டமாகத் திரட்டித் தர எமது அங்கத்தவர்கள் ஆயத்தமாக உள்ளனர். இதுபற்றிக் கலந்துபேச ஒரு நாளைக் குறித்துத் தருமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இங்ஙனம்,
தலைவர், செயலாளர் மற்றும் அங்கத்தவர்கள்
ஹட்டன்