சம்பளச் சீட்டு இல்லாதவன் கணக்கு

தன்பாலீர்ப்பு மேல்சாதிப் படிப்பாளிகளின் பிரச்சினையாம். நம்ம தோழர்களே சொல்கிறார்கள்.

அப்படியா? 1995இல் அமெரிக்காவில் லீ பாட்ஜெட் என்ற பொருளாதார ஆய்வாளர் கணக்குப் போட்டார். படிப்பு, அனுபவம் எல்லாம் சமமாக இருந்தும், ஆண்மேல் ஈர்ப்புள்ள ஆணுக்குச் சம்பளம் 11 முதல் 27 சதம் குறைவு. சரி, அது சம்பளச் சீட்டு வாங்குகிறவன் கணக்கு. நெற்குப்பையில் பெரிய வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போகிறவனுக்கு ஏது சீட்டு? மேஸ்திரி கூப்பிட்டால் சோறு, கூப்பிடாவிட்டால் பட்டினி. அந்த மேஸ்திரி யாரு? சொந்த மாமன், மச்சான். விஷயம் தெரிஞ்சா மறுநாள் கூப்பிட மாட்டான். இதில் எத்தனை சதம் குறைவு? நூறு சதம்! பொம்பளைப் பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம். கல்யாணம் வேண்டாமென்று சொன்ன அன்றைக்கே வேலைக்குப் போவதை நிறுத்திவிடுவார்கள்.

ஊர் சேரியைத் தள்ளி வைத்தது. சேரியும் தள்ளி வைத்தால் அவன் எங்கே போவான்?

2018இல் உச்ச நீதிமன்றம் இது குற்றமில்லை என்றது. வேலை கொடு என்று சொல்லவில்லை. 2019 திருநர் சட்டம் வேலையில் பாகுபாடு கூடாது என்கிறது. தன்பாலீர்ப்புள்ளவருக்குத் தனியாக அந்தச் சட்டமும் இல்லை. திருநர்களுக்கான கிடைமட்ட இடஒதுக்கீட்டை, அதாவது பட்டியல் சாதி உட்பட ஒவ்வொரு ஒதுக்கீட்டுப் பிரிவுக்கு உள்ளேயும் திருநருக்குத் தனி இடத்தை, தெருவில் நின்று கேட்டவர் கிரேஸ் பானு, தலித் திருநங்கை. 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றமும் 1 சதம் கொடுக்கச் சொன்னது. நாம் எந்தப் பக்கம் நின்றோம்?

அடுத்த கூலிப் போராட்டத்துக்குத் துண்டறிக்கை அடிக்கும்போது இதையும் கோரிக்கையாகப் போடுங்கள். முதலில் அந்த மேஸ்திரியிடம் போய்ப் பேசுங்கள். அவன் நம்ம சங்கத்து ஆள்தானே!