விதந்துரைக்கப்படும் நூல்களும் வாசிக்கப்படாத மூலங்களும்

மென்பொருளாக்கத் துறையிலே புகும் இளைஞர் கையில் முதலில் வந்து சேர்வது ஒரு பட்டியலாகும். 'செய்நிரலாளர் ஒவ்வொருவரும் வாசிக்கவேண்டிய நூல்கள்' என்னும் தலைப்பில் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் இப்பட்டியல்களிற் பெரும்பாலும் அதே பெயர்களே மீண்டும் மீண்டும் இடம்பெறுகின்றன. பிரெட்ரிக் புறூக்சின் 'தி மிதிக்கல் மான்-மன்த்' (1975), டொனால்ட் கனூத்தின் 'தி ஆர்ட் ஒவ் கொம்பியூட்டர் புரோகிராமிங்' (முதலாந் தொகுதி 1968), றொபேட் மார்ட்டினின் 'கிளீன் கோட்' (2008) என்பன அவற்றுட் சில. இந்நூல்களின் தகுதி பற்றி இங்குச் சர்ச்சையில்லை. (கனூத்தின் தொகுதிகள் பல அலுவலகங்களில் அலுமாரிக்கு அலங்காரமாக நிற்பது வேறு விடயம்.) சர்ச்சைக்குரியது பட்டியல் என்னும் வழக்கமே. வாசியாதவர்க்கு வாசித்தோர் என்ற பெருமையை அது எளிதில் வழங்கிவிடுகின்றது. நூலிலிருந்து பிய்த்தெடுத்த ஒற்றை வாக்கியங்களைச் சூத்திரங்களாக்கி ஓதும் ஒரு தலைமுறையை அது உருவாக்கியுள்ளது.

மூலம், உரை, பாடபேதம் ஆகிய வேறுபாடுகள் தமிழ் பயின்றோர்க்குப் புதியனவல்ல. உரையை மாத்திரம் கண்டு மூலத்தைக் கற்றதாகக் கூறுபவர் தமிழ்த்துறை வகுப்பறையிலே நகைப்புக்கு ஆளாவார். கணினித்துறையிலோ அவரே ஆசானாக அமர்ந்துவிடுகிறார்.

வின்ஸ்ரன் றோய்ஸ் 1970 இல் பெரிய மென்பொருட்டொகுதிகளின் ஆக்கத்தை முகாமைசெய்தல் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். தேவைகளை வரையறுத்தல், பகுப்பாய்வு, வடிவமைப்பு, செய்நிரலாக்கம், சோதனை என ஒன்றன்பின் ஒன்றாகக் கீழிறங்கும் படிகளைக் காட்டும் படமொன்று அதிலுண்டு. 'நீர்வீழ்ச்சி மாதிரியுரு'வின் தந்தை எனப் பாடநூல்கள் அவரைப் போற்றுவது அப்படத்தை வைத்தேயாகும். இலங்கையின் க.பொ.த. உயர்தர வகுப்பிலே தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் பயில்வோர்க்கும் அம்மாதிரியுரு கற்பிக்கப்படுகின்றது. ஆனால் கட்டுரையைக் கையிலெடுத்து நோக்குபவர் காண்பது யாது? படத்தை வரைந்த கையோடு, இவ்வாறு செயற்படுத்துவது ஆபத்தானது, தோல்வியைத் தேடிக்கொள்வது என்றே றோய்ஸ் எச்சரிக்கிறார். சோதனை இறுதியில் வருவதால் அடிப்படைப் பிழைகள் அதுவரை வெளிப்படா என்பது அவர் காட்டும் காரணம். முதலில் ஒரு முன்மாதிரியை ஆக்கிப் பார்த்து, பின்னரே உரியதை ஆக்கவேண்டும் என்பது அவர் கூறிய பரிகாரங்களுள் ஒன்று. 'நீர்வீழ்ச்சி' என்ற சொல்லே அக்கட்டுரையில் இல்லை. அது 1976 இல் வேறிருவர் எழுதிய கட்டுரையிலே தோன்றியது. எதனை மறுக்க ஒருவர் எழுதினாரோ அதற்கே அவரைத் தந்தையாக்கியமை வாசியாமையின் சாதனையன்றி வேறென்ன? இதனாற் பொருளிழப்பும் நேராமற் போகவில்லை. 1985 இல் அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் வெளியிட்ட மென்பொருள் நியமம் இவ்வொருவழிப் படிமுறையையே வேண்டுவதாகப் பரவலாக விளங்கிக்கொள்ளப்பட்டது. 1994 இல் அவ்வழிவந்த நியமத்தைக் கைவிட்டு இன்னொன்றைக் கொணரவேண்டியதாயிற்று.

எட்ஸ்கர் டைக்ஸ்ரா 1968 இல் 'கோ ரு' கட்டளைக்கு எதிராக எழுதிய கடிதத்தின் புகழ்பெற்ற தலைப்பு அவரிட்டதன்று. பதிப்பாசிரியர் நிக்ளவுஸ் விர்த் இட்டது. காலத்துக்கு முந்திய வேகச் சீராக்கம் தீமைகளின் வேர் என்ற கனூத்தின் 1974 ஆம் ஆண்டுக் கூற்றை அறியாதார் இல்லை. ஏறத்தாழ 97 சதவீதமான இடங்களைக் குறித்தே அவர் அவ்வாறு கூறினார் என்பதையும், எஞ்சிய 3 சதவீதத்தைத் தவறவிடலாகாது என அடுத்தே வற்புறுத்தினார் என்பதையும் அறிந்தோர் மிகச் சிலர்.

இவை ஏட்டுப் பிழைகளே என ஒதுக்கலாம். மனிதர் வாழ்வைத் தொடும் பிழை வேறொன்றுண்டு. சிறந்த செய்நிரலாளர் ஒருவர் சாதாரணமானவர் பதின்மருக்குச் சமன் என்னும் வாய்பாடு நேர்முகத் தேர்விலும் சம்பள நிர்ணயத்திலும் இன்றுவரை ஆட்சி செலுத்துகின்றது. இதன் ஊற்றைத் தேடிச் செல்பவர் சக்மன், எரிக்சன், கிரான்ட் ஆகியோர் 1968 இல் வெளியிட்ட ஆய்வை அடைவர். கணினியோடு நேரடித் தொடர்பில் இருந்து வேலைசெய்வதா, தொகுதியாகக் கையளித்துக் காத்திருப்பதா சிறந்தது என்பதை அறியவே அவ்வாய்வு நடந்தது. அனுபவமுடைய செய்நிரலாளர் 12 பேரே அதன் பிரதான பரிசோதனைக்கு உட்பட்டனர். அனைவரும் ஒரே மொழியிலே எழுதியவருமல்லர். சிலர் உயர்மட்ட மொழியிலும் சிலர் இயந்திர மொழியிலும் எழுதினர். ஒரு செய்நிரலின் பிழைதிருத்த நேரத்தில் மிகத் தாழ்ந்தவர்க்கும் மிகச் சிறந்தவர்க்கும் இடையே 28க்கு 1 என்ற விகிதம் வந்தது. புறூக்ஸ் தம் நூலிலே இவ்வாய்வைச் சுட்டிப் பத்துக்கு ஒன்று என்றார். அதுவும் சிறந்தவரைக் கடையரோடு ஒப்பிட்ட கணக்கே. கைமாறிக் கைமாறி வந்தபோது கடையர் 'சாதாரணர்' ஆகிவிட்டார்! திறமையில் வேறுபாடே இல்லை என்பதன்று இங்கு வாதம். பன்னிருவரின் கைவேலையை அளந்த அளவுகோலால், கற்றுத் தேறக்கூடிய மாணவர் ஒருவரை நீ அவ்வினத்தைச் சேர்ந்தவனல்லன் எனக் கூறி வாயிலில் நிறுத்துவதற்கு எவருக்கும் உரிமையில்லை.

பட்டியலாளர் தரப்பில் ஒரு சமாதானம் கூறப்படுவதுண்டு. இத்துறை விரைந்து மாறுவது; தொழில் செய்வோர்க்கு மூலங்களைத் தேட நேரமேது என்பர். பக்கங்களை எண்ணிப் பார்த்தாலே இச்சமாதானம் நிலைகுலைந்துவிடும். டைக்ஸ்ராவின் கடிதம் 2 பக்கம். மென்பொருளைக் கூறுகளாகப் பிரிக்கும் முறை பற்றி டேவிட் பார்னாஸ் 1972 இல் எழுதிய கட்டுரை 6 பக்கம். றோய்சின் கட்டுரை 11 பக்கத்துக்கு மேற்படாது. பட்டியல்கள் விதந்துரைக்கும் 'கிளீன் கோட்' 400 பக்கங்களைத் தாண்டுவது. ஆகவே குறைபாடு நேரத்தில் அன்று.

பட்டியலின் மிகப் பெரிய குறை அது காலத்தை மறைத்துவிடுவதாகும். எல்லா நூல்களும் இன்றே எழுதப்பட்டனபோல அங்கு வரிசையில் நிற்கின்றன. தாமதமான பணிக்கு ஆட்களைச் சேர்த்தால் மேலும் தாமதமாகும் என்னும் 'புறூக்ஸ் விதி'யை, அளவுமீறி எளிமைப்படுத்தியே கூறுவதாக முன்குறித்துத்தான் அவர் எழுதினார். அந்த முன்குறிப்பு எங்கும் ஓதப்படுவதில்லை. இன்னொன்றும் மனங்கொள்ளத்தக்கது. ஐ.பி.எம். நிறுவனத்தின் ஓ.எஸ்/360 அனுபவத்தின்வழி, பணியின் எல்லா விவரங்களும் எல்லாருக்கும் தெரிந்திருத்தல் வேண்டும் என 1975 இல் எழுதிய புறூக்ஸ், ஒவ்வொரு கூறும் தன் உள்விவரங்களை ஏனையவற்றுக்கு மறைத்தல் வேண்டும் என்ற பார்னாசின் கருத்தை ஏற்கவில்லை. இருபது ஆண்டுகளின் பின், 1995 ஆம் ஆண்டுப் பதிப்பிலே, இவ்விடயத்திற் பார்னாசே சரி, தாமே பிழை என அவர் வெளிப்படையாக எழுதினார். பார்னாசின் ஆறு பக்கங்களையும் புறூக்சின் 1975 ஆம் ஆண்டு இயலையும் 1995 ஆம் ஆண்டுத் திருத்தத்தையும் ஒருங்கே வைத்து விவாதிக்கப் பல்கலைக்கழகத்தின் ஒரு கலந்துரையாடல் வகுப்பு, ஏறத்தாழ ஒரு மணித்தியாலம், போதுமானது.